டார்க் வேவ் – இருளலை

1981-இல் மேற்கு பெர்லினில் ‘மலேரியா!’ என்ற இசைக்குழு பிறந்தது. வியப்புக்குறியும் பெயரில் சேர்ந்ததுதான். குட்ருன் குட், பெட்டினா கோஸ்டர் இருவரும் தொடங்கினார்கள். குழுவில் அனைவரும் பெண்கள். 1982-இல் ‘எமோஷன்’ என்ற இசைத்தட்டு வந்தது. சில ஆண்டுகளிலேயே கலைந்துவிட்டார்கள். இன்று இவர்களை ‘டார்க் வேவ்’ என்ற இசைவகையின் வரிசையில் வைக்கிறார்கள்.

இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது ‘டார்க்’ எளிது. தடுக்குவது ‘வேவ்’. இசை என்றதும் ஒலியலை நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 1957-இல் பிரான்சின் ‘லெக்ஸ்பிரஸ்’ வார இதழ் அந்நாட்டு இளந்தலைமுறையை ‘நூவெல் வாக்’, அதாவது புதிய அலை, என்று அழைத்தது. அது சினிமாவுக்குத் தாவியது. எழுபதுகளின் பிற்பகுதியில் ‘நியூ வேவ்’ ஆகி ஆங்கில இசையில் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் பாடிய இளைஞர்களின் எழுச்சிக்கு ‘நொய்ய டாய்ச்ச வெல்ல’ என்றார்கள்: புதிய ஜெர்மன் அலை. ஆக, திரண்டு வந்து அடித்துச் செல்லும் வேகமே இங்கே அலை. நம் செய்தித்தாள்கள் எழுதும் ‘அனுதாப அலை’யிலும் அதுதான் பொருள். அந்த அலையின் ஒரு பகுதி ஜெர்மன் இசைக்குழு நேனாவின் பலூன் பாட்டைப் போல வெளிச்சத்துக்குப் போனது. குளிர்ந்த சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியும் கனத்த பேஸ் கிடாருமாக நிழலிலேயே நின்ற பகுதிக்குத்தான் ‘டார்க்’ என்ற அடைமொழி.

தமிழில் ‘இருட்டிசை’ என்றால் அலை கரைந்துபோகிறது. ஒரு தலைமுறையின் வரலாறே அதில் விடுபட்டுவிடும். ‘இருண்ட அலை’ தவறில்லை, ஆனால் கலைச்சொல்லாக நிற்காது. ‘இருளலை’ என்பதே என் தேர்வு. இருட்டு விளக்கை அணைத்தால் வருவது. இருள் மனத்திலும் கவியும். ‘சிற்றலை’ கேட்டு வளர்ந்தவர்கள் இதையும் வானொலி அலைவரிசை என்று எண்ணக்கூடும். எனவே முதல்முறை எழுதும்போது ‘இருளலை இசை’ என்று விரித்துவிடுவது நல்லது.

இருளலையை அறிய விரும்புவோருக்கு மலேரியா! குழுவின் ‘கால்ட்டஸ் கிளாரஸ் வாஸர்’ பாடலையே முதலில் சொல்வேன். கோஸ்டரின் தாழ்ந்த, கனத்த குரல் அந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும். குளிர்ந்த, தெளிந்த நீர் என்று பொருள். தமிழில் மூன்று சொல் வேண்டாம். ‘தண்’ என்றாலே குளிர்ச்சி. ‘தெளிந்த தண்ணீர்’ போதும்.