முழங்காலுக்கு விலை பேசும்போது

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு பையன் அம்மாவோடு வந்தான். 19 வயது, கூடைப்பந்து ஆடுகிறவன், முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். அன்றைக்கு அவன் கையில் ஒரு ஒப்பந்தத் தாள் இருந்தது. வெளிநாட்டு கிளப் ஒன்று இரண்டு வருடத்துக்குக் கூப்பிடுகிறது. "அக்கா, ஆபரேஷன் பண்ணினதை அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளையை விளையாட்டில் விட்டிருக்கிற எல்லா வீட்டுக்கும் இது உதவும் என்பதால், ஏன் என்று அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் பாருங்கள், அங்கே கணக்கு எல்லாருக்கும் தெரியும்படி நடக்கிறது. ஐசையா தாமஸ் 2016-17 பருவத்தில் பாஸ்டன் அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகள் எடுத்தவர். இடுப்பு மூட்டுக் காயத்தால் பருவக் கடைசியில் வரும் பிளேஆஃப் சுற்றுகளின் நடுவிலேயே நின்றுவிட்டார். 2017 ஆகஸ்டில் அவரையும் இன்னும் சிலவற்றையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து கைரி இர்விங்கை வாங்குவதாகப் பேசி முடித்தார்கள். கிளீவ்லாந்து மருத்துவர்கள் அந்த இடுப்பைப் பார்த்ததும் பேரம் நின்றது, பாஸ்டன் இரண்டாம் சுற்று டிராஃப்ட் பிக் ஒன்றை, அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பை, கூடுதலாகக் கொடுத்த பிறகுதான் தாமஸ் கை மாறினார். அடுத்த ஜூலையில் அவரே டென்வரில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டார். வாங்குகிற கிளப் தன் டாக்டரை வைத்துப் பார்க்காமல் இருக்காது, இதை மட்டும் பிள்ளைகள் மறக்கவே கூடாது.

காயத்தின் பெயரை வைத்து மட்டும் விலை சொல்லிவிடவும் முடியாது. ஒரே 2019ஆம் வருடத்தில் இரண்டு என்பிஏ வீரர்களுக்குக் குதிகால் தசைநாண், அதாவது அக்கிலிஸ், அறுந்தது. பிப்ரவரியில் ஜான் வாலுக்கு, ஜூனில் இறுதிப் போட்டியில் கெவின் டூரன்டுக்கு. வால் 28 வயது, அவருடைய ஆட்டமே வேகம்தான். டூரன்டுக்கு 30, ஆனால் நல்ல உயரம், யார் முன்னால் நின்றாலும் தலைக்கு மேலே பந்தை விடக்கூடியவர். வாலுக்கு 17 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு 2017லேயே கையெழுத்தாகியிருந்தது, அது ஆரம்பிக்கும் முன்பே காலும் போனது. என்பிஏவில் உறுதியளித்த சம்பளம், ஆள் ஆடினாலும் படுத்திருந்தாலும் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும், அந்த இடத்துக்கு அதே தரத்தில் இன்னொருவரை எடுப்பது கஷ்டம். 2020 டிசம்பரில் வாஷிங்டன் அவரோடு ஒரு முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்துத்தான் ரசல் வெஸ்ட்புரூக்கை வாங்க முடிந்தது, வெஸ்ட்புரூக்கின் சம்பளமும் கிட்டத்தட்ட அதே அளவு. டூரன்டோ 2023 பிப்ரவரியில் பீனிக்ஸுக்குப் போனபோது புரூக்ளினுக்கு மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கூடவே நான்கு முதல் சுற்று பிக்குகள் கிடைத்தன. அதே தசைநாண், ஒருவரோடு பிக் கொடுக்க வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு நான்கு பிக் வந்தது. எந்த உறுப்பை நம்பி ஆடுகிறார், இன்னும் எத்தனை வருடச் சம்பளம் பாக்கி என்று இரண்டையும் பார்க்காமல் யாராவது விலை சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, நம்ம பையன் கதைக்கு வருகிறேன். தரையில் டேப் ஒட்டி ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னேன். நல்ல கால் 1 மீட்டர் 62 சென்டிமீட்டர், ஆபரேஷன் ஆன கால் 1 மீட்டர் 21. முக்கால் பங்குகூட முழுசாக இல்லை. நாங்கள் குறைந்தது 90 சதவீதம் எதிர்பார்ப்போம். அதைவிட என்னை உறுத்தியது அவன் இறங்கிய விதம்: முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது, அதைக் காப்பாற்ற உடம்பு முழுவதும் ஒரு பக்கம் வளைந்தது. ஸ்கேனில் புதுத் தசைநார் அழகாகத்தான் தெரிகிறது, இந்தச் சாய்வு எந்த ஸ்கேனிலும் வராது. ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் அபாயத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது, அந்த ஒரு காரணத்துக்காகவே ஏழாம் மாதம் விமானம் ஏற நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்புறம் தாளைப் படித்தேன். மறைத்த பழைய காயம் தெரியவந்தால் ஒப்பந்தம் செல்லாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. எந்தக் காயமாக இருந்தாலும் ஆறு வாரத்துக்கு மேல் ஆடாவிட்டால் சம்பளம் கிடையாது, திரும்பி வர டிக்கெட் யார் செலவு என்று ஒரு வரிகூட இல்லை. அம்மா இதையெல்லாம் படிக்கவே இல்லை, ஏஜென்ட் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் மஞ்சள் அடித்து அனுப்பியிருந்தார்.

ஜோயல் எம்பீட் முதல் மூன்று பருவங்களில் 31 ஆட்டம்தான் ஆடியிருந்தார், ஆனாலும் 2017 அக்டோபரில் பிலடெல்பியா 14.8 கோடி டாலருக்கு ஐந்து வருட நீட்டிப்பு கொடுத்தது. குறிப்பிட்ட பழைய காயங்கள் திரும்பி வந்து நிறைய ஆட்டம் தவறினால் கிளப் நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி அதில் இருந்தது. நான் கேட்கச் சொன்னதும் அந்த மாதிரிதான்: காயமானால் சம்பளம் இல்லை என்ற விலக்கு இந்த ஒரு முழங்காலுக்கு மட்டும், வேறு எங்கே அடிபட்டாலும் முழுச் சம்பளம், இரண்டாவது டாக்டரைப் பார்க்கும் உரிமை, சிகிச்சைச் செலவும் டிக்கெட்டும் கிளப் பொறுப்பு. எனக்கு நேராக போன் போட்டு ரிப்போர்ட் கேட்ட ஏஜென்டிடம் மறுத்துவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டத்தில் மருத்துவத் தகவல் தனிப் பாதுகாப்பில் இருக்கிறது, பையன் சம்மதித்தால் அவன் கையாலேயே அனுப்பட்டும்.

அனுப்பினான். எம்ஆர்ஐ, ஆபரேஷன் குறிப்பு, தாண்டிய அளவு எல்லாவற்றையும் சேர்த்து. நாலு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கிளப் தொடக்கத் தேதியை இரண்டரை மாதம் தள்ளி வைத்து, ஒன்பதாம் மாதப் பரிசோதனை முடிவைக் கேட்டிருக்கிறது. சம்பளத்தில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், முழங்காலுக்கு மட்டும் விலக்கு என்ற வரியைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வருகிறான். நேற்று 1 மீட்டர் 38 தாண்டினான், இறங்கும்போது முழங்கால் நேராக நின்றது.