மாரல் எஜுகேஷன்: நீதிபோதனையா, அறக்கல்வியா?

‘மாரல் எஜுகேஷன்’ என்பதற்குத் தமிழில் நீதிபோதனை, ஒழுக்கக் கல்வி, நன்னெறிக் கல்வி, அறக்கல்வி என்று பல சொற்கள் புழங்குகின்றன. எல்லாம் ஒன்றுதான் என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ, அதற்கேற்ற வகுப்பறைதான் அமையும்.

முதலில் ‘மாரல்’ என்பதன் மூலச்சொல். இலத்தீனில் ‘மோஸ்’ என்றால் வழக்கம். அதன் பன்மை ‘மோரெஸ்’. கிரேக்கர்கள் குணம் என்ற பொருள்தரும் ‘ஏத்தோஸ்’ என்பதிலிருந்து ‘ஏத்திகோஸ்’ என்ற சொல்லை வைத்திருந்தார்கள். அதற்கு ஈடாக, கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ ‘மொராலிஸ்’ என்று புதிதாக ஒரு சொல்லை ஆக்கினார். ஆக, வேரில் இருப்பவை வழக்கமும் குணமும்தான். சமயம் அதில் இல்லை.

ஆனால் ஐரோப்பியப் பள்ளிகளில் நெடுங்காலம் இந்தப் பாடமும் சமயப் பாடமும் சேர்ந்தே நடந்தன. பிரான்சில் பாடத்தின் பெயரே ‘ஒழுக்க, சமயப் போதனை’. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அதை ‘ஒழுக்க, குடிமைப் போதனை’ என்று மாற்றியது. சமயம் இருந்த இடத்துக்குக் குடியாட்சி வந்தது. சமயத்தை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே சமயம் கற்க, ஞாயிறு போக வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தந்தது. மறு ஆண்டு கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி ஆசிரியர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அளவுகோல் தந்தார்: நீங்கள் சொல்லப்போவதைக் கேட்டு ஒரு தந்தையாவது நல்ல மனத்தோடு மறுப்பார் என்றால், அதைச் சொல்லாதீர்கள்.

கண்ணியமான அளவுகோல்தான். ஆனால் எல்லாத் தந்தையரும் ஒப்புக்கொண்டிருக்கிற அநியாயத்தை என்ன செய்வது? தீண்டாமையை ஊரே வழக்கமாக ஏற்றிருந்த காலம் உண்டே.

இங்கேதான் தமிழ்ச்சொற்களின் வேறுபாடு உதவுகிறது. ஒழுக்கம் என்பது ‘ஒழுகு’ என்ற வினையிலிருந்து வந்தது. ஒரு வழியில் தொடர்ந்து செல்வது. ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று ஒழுக்கமுடைமை அதிகாரமே சொல்கிறது. ‘மோஸ்’ என்பதற்கு மிக நெருக்கமான சொல் இதுதான். அறமோ வழக்கத்தையே எடைபோடுகிற சொல். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்’ என்று குறள் அதை மனத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறது. ஊர் ஒப்புவதும் மறுப்பதும் அங்கே அளவுகோல் ஆகாது.

நீதிபோதனையில் உள்ள இரண்டும் வடசொற்கள். குறை அதுவல்ல. நீதி என்றால் இன்று நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்றம். போதனை என்றாலோ ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. அப்புறம், இந்திய அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்விக்கூடங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. அதே ‘போதனை’ என்ற சொல்லை இந்தப் பாடத்துக்கும் வைத்தால் இரண்டுக்கும் எல்லை மங்கிப்போகும்.

நன்னெறி, அறநெறி இரண்டிலும் ‘நெறி’ என்பது பாதை. ஏற்கெனவே போட்ட பாதை. இலங்கையில் ‘அறநெறிப் பாடசாலை’ என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சமய வகுப்பு. அந்தச் சொல் அங்கே அந்தப் பொருளிலேயே நிலைத்துவிட்டது. எனவே பொதுப் பள்ளிப் பாடத்துக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

என் தேர்வு அறக்கல்வி. சமணர், பௌத்தர், சைவர், கிறித்தவர், இறைமறுப்பாளர் என எல்லோரும் ‘அறம்’ என்ற சொல்லைத் தமக்குரியதாகவே ஆண்டிருக்கிறார்கள். பொய் சொல்லக்கூடாது என்பதற்கு ஒரு பிள்ளை இறைவன் கட்டளையைக் காரணமாகச் சொல்லலாம்; இன்னொரு பிள்ளை ஏமாந்தவரின் வலியைச் சொல்லலாம். இரண்டையும் மதிக்கிற வகுப்பில், நம்பிக்கையுள்ள பிள்ளை தன் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைக்க வேண்டாம். மற்றப் பிள்ளை அதை ஏற்கவும் வேண்டாம். இருவரும் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். வாக்குரிமை வருவதற்கு முன்பே குடியாட்சிக்கு அவர்கள் பழகுவது இப்படித்தான்.