சோறில்லாத தட்டில் குழம்புக்கு என்ன வேலை?

"பேலியோ ஆரம்பிக்கப் போகிறேன், எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்று எழுதிக்கொடுங்கள்." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். பேலியோ என்பது தானியத்தையும் சர்க்கரையையும் தவிர்த்து, ஆதிமனிதர்களைப் போலச் சாப்பிடும் முறை. அரிசி, கோதுமை, பருப்பு, கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றையும் அடித்துவிட்டால் நம் சாப்பாட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. அப்புறம் காலையில் பாதாம், மதியம் வேகவைத்த காய், இரவு சாலட். சில நாளில் நாக்கு செத்துப்போய் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

நம் சமையலில் சிக்கல் தாளிப்பிலோ தேங்காயிலோ இல்லை, சோற்றின் அளவில் இருக்கிறது. 2025-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். சோற்றைக் குறைத்தால் மட்டும் போதாது, தொட்டுக்கொள்ள வைத்ததை வயிறு நிறையச் சாப்பிடும் அளவுக்கு வளர்க்க வேண்டும்.

மீன் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்காக உப்பு, புளி, காரம் மூன்றையும் தூக்கலாக வைக்கிறோம். அதை அப்படியே கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. எலுமிச்சை அளவு புளியை நெல்லிக்காய் அளவாக்குங்கள். மிளகாய்த் தூளையும் உப்பையும் பாதியாக்குங்கள். சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால் சேருங்கள். ஆளுக்கு இரண்டு துண்டு மீன் போட்ட இடத்தில் நாலு துண்டு. இப்போது அதுவே ஒரு வேளைச் சாப்பாடு.

காயிலும் இதே கணக்குதான். நாலு பேருக்கு அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினால் ஆளுக்கு 125 கிராம். சோறு இல்லாத தட்டில் இது எந்த மூலைக்கு? ஒரு கிலோவாவது வேண்டும். புடலை, பீர்க்கு, சுரை, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, கீரை எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். அரை வயிற்றோடு சாப்பாட்டிலிருந்து எழுந்திருப்பவர்தான் நாலு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறார்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. நார்ச்சத்தும் தாதுக்களும் உள்ள நல்ல உணவுதான். ஆனால் கேழ்வரகிலும் கம்பிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. தோசையைக் கம்பு தோசையாக மாற்றிவிட்டு அதைக் குறைமாவு உணவு என்று நம்ப வேண்டாம். ஓட்டலில் குருமாவைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலை அரைத்துவிடுவார்கள். சிக்கன் 65-க்கு சோள மாவு. மிளகு வறுவலோ தந்தூரியோ கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசாமல் நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ பழைய அளவிலேயே தொடரும்போது சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறு ஆபத்து: மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறலாம், அதுவும் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது.

சைவர்களுக்குப் புரதம்தான் கஷ்டம். கறாரான பேலியோவில் பாலுக்கு இடமில்லை, பருப்பும் கிடையாது. அப்படிப் பிடிவாதமாக இருந்தால் சைவருக்குப் புரதம் போதவே போதாது. பன்னீரும் தயிரும், சாப்பிடுவார்கள் என்றால் முட்டையும் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம் புரதம். மிளகு, சீரகம், கறிவேப்பிலை பொடித்துப் போட்டு நெய்யில் புரட்டினால் அலுக்காது.

கல்யாணப் பந்திக்கும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. அவியலில் சேனையும் வாழைக்காயும், கூட்டில் பருப்பும் இருக்கும், அவற்றைக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ், பீன்ஸ் பொரியலைத் தயங்காமல் இரண்டு மூன்று முறை கேட்டு வாங்குங்கள். ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, மோரோடு முடித்துக்கொள்ளலாம்.