சுவரில் வழிந்த பழுப்புக் கோடு

சென்ற கார்த்திகை மாதத்தில் எங்கள் வெந்நீர் அடுப்பின் புகைபோக்கி ஒழுகியது. குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்து தரைவரை, வெள்ளையடித்த சுவரில் தேன் நிறத்தில் ஒரு கோடு. தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் கருகிய மரமும் காடியும் கலந்த நெடி. மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் கொத்தனார். மழை விட்டு நான்கு நாள் கழித்தும் வழிந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழை மேல் ஏன் பழி போடுகிறாய்? பச்சை விறகைத் திணித்துவிட்டுத் தூங்கப் போகிறாயே, அதுதான் இறங்கி வருகிறது.”

வேதியியலும் பெரியம்மாவின் கட்சிதான்.

விறகைச் சூடாக்கினால் முதலில் 100 டிகிரி வாக்கில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. பச்சை விறகின் ஒரு முனை எரியும்போது மறுமுனையில் ‘உஸ்’ஸென்று நுரை தள்ளுமே, அந்தத் தண்ணீர்தான். 250 டிகிரியைத் தாண்டியதும் மரமே சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களும் தார் ஆவியும் கிளம்புகின்றன. நாம் பார்க்கும் சுவாலை இந்த வாயுக்கள் எரிவதுதான். அவை முழுவதும் எரிந்து தீர ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் போதுமான காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எரியாமலே மேலே போய்விடும். அதற்குத்தான் புகை என்று பெயர். புகைந்துகொண்டே இருக்கும் அடுப்பை ஊதுகுழலால் ஓர் ஊது ஊதினால் குபீரென்று பற்றிக்கொள்கிறதே, அந்த நொடியில் பற்றுவது பெரும்பாலும் அங்கே தேங்கி நின்ற புகைதான். புருவத்தைப் பொசுக்கிக்கொண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எரியாத ஆவி குழாயில் ஏறும்போது குளிர்கிறது. ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே வந்ததும் குழாயின் உட்சுவரில் திரவமாகப் படிகிறது. கிரியோசோட் என்ற தார்ப்படிவு இப்படித்தான் உண்டாகிறது. அதோடு அசெட்டிக் அமிலமும் நீராவியும் சேர்ந்து வடிவதால்தான் அந்தக் காடி நெடி. எங்கள் சுவரில் வழிந்தது, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு.

எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பச்சை விறகில் பாதி எடை தண்ணீராகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட 1 கிலோ விறகு தரும் வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, அதிலுள்ள அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. அதைவிடப் பெரிய கேடு, ஆவியாகும் தண்ணீர் அடுப்பின் வெப்பத்தை 600 டிகிரிக்கு ஏறவிடாமல் பிடித்து வைப்பது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இரண்டு தொல்லையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். அந்தத் தண்ணீர் இல்லாத ஆற்றில்தான் எங்கள் விறகு முளைக்கிறது. பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றுப் படுகையில் வேலிகாத்தான் புதர் புதராக நிற்கிறது. சீமைக்கருவேலம் என்றால் மற்ற மாவட்டக்காரர்களுக்குப் புரியும். கனத்த மரம், நின்று எரியும், கரியும் நன்றாக விழும். கனத்த மரமாதலால் முழுத் துண்டாகக் கிடந்தால் உள்ளீரம் லேசில் போகாது. கோடாலியால் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கத்திரி வெயிலில் விட வேண்டும். காய்ந்த இரண்டு கட்டைகளை மோதினால் ‘ணங்’கென்ற ஓசை வரும், ஈரக்கட்டை ‘தொப்’பென்று சொல்லும். காதை நம்பாதவர்கள் ஒரு துண்டைத் தராசில் நிறுத்து, வெயிலில் வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

இனி குழாய். புகைபோக்கி புகையைத் தள்ளுவதில்லை. குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசானது, வெளிக்காற்று கனமானது. கனமானது அடுப்பு வாய் வழியாக உள்ளே புகுந்து லேசானதை மேலே தூக்குகிறது. ஜனவரி விடியலில் வெளியே 20 டிகிரி, குழாய்க்குள் 150 டிகிரி, உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த இழுப்பு 11 பாஸ்கல்தான். 1 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவே. மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உச்சி வெயிலில், நிழலில் இருக்கும் குழாய் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் காற்று கீழ்நோக்கியே இறங்கும். அப்போது அடுப்பைப் பற்றவைத்தால் புகை முகத்தில்தான் அடிக்கும். குழாயின் அடியில் காய்ந்த தென்னை ஓலை ஒன்றைக் கொளுத்திக் காட்டினால் போதும். உள்ளிருக்கும் காற்று சூடேறி, இழுப்பு நேராகிவிடும்.

இத்தனை மெலிந்த இழுப்பு என்பதால்தான் படிவு பெரிய விஷயமாகிறது. 10 செ.மீ. அகலக் குழாயில் சுற்றிலும் 1 செ.மீ. கரி படிந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழி அடைபட்டுவிடும். இழுப்பு குறையும், தீ மந்தமாகும், புகை கூடும், கரி இன்னும் படியும். 1983இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் குழாய் வைத்த புகையில்லா அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது. குழாயைச் சுத்தம் செய்யாததால் புகையில்லா அடுப்பு புகையும் அடுப்பாகிப் போன வீடுகள் ஏராளம்.

இன்னொரு வேடிக்கை. குழாய் இணைப்பில் விரிசல் இருந்தால் புகை வெளியே கசியும் என்று நினைப்போம். இழுப்பு நன்றாக இருக்கும்போது நடப்பது நேர் எதிர்: குளிர்ந்த வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு, குழாயைக் குளிர்வித்து, தாரைப் படியவைக்கிறது. அடுப்பு எரியும்போது ஊதுபத்தியை இணைப்பருகே பிடித்தேன். மேல் இணைப்பில் புகை நூல் நேராக நின்றது. சுவருக்குள் நுழையும் இடத்தில் சட்டென்று வளைந்து ஓட்டைக்குள் போய்விட்டது. களிமண்ணும் சாம்பலும் குழைத்து அடைத்தேன்.

சுத்தம் செய்வதற்கு முதல் நாளே அடுப்பை அணைத்துவிட வேண்டும். சாம்பலுக்கடியில் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளியில் அள்ளாதீர்கள். அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடி, மேலே தகரத் தொப்பியைக் கழற்றி, தேங்காய் நார் சுற்றிய சாக்குப் பந்தில் கல் கட்டிக் கயிற்றில் இறக்கி ஏற்றினோம். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது கட்டாயம். புகைபோக்கி துடைத்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இலேயே எழுதினார். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். அதன் நார்த்தூள் நுரையீரலுக்கு ஆகாது. சுட்ட மண் குழாய்க்கு மாறிவிடுவது மேல்.

பழுப்புப் பொடியாக விழுந்தால் அடுப்பு நன்றாக எரிந்திருக்கிறது என்று பொருள். செதிலாக விழுந்தால் விறகைக் கவனிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளத்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. நாரும் சாக்கும் அதை அசைக்காது. அந்தத் தார் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1000 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறும், லாரி போவதுபோல் இரைச்சல் கேட்கும். அப்போது குழாயில் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். அடுப்பு வாயை அடைத்துக் காற்றை நிறுத்திவிட்டு, எல்லோரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும்.

எங்களுக்கு விழுந்தது ஒரு முறம் நிறையச் செதில், நடுவில் காய்ந்த குளவிக்கூடு ஒன்று. அந்தக் கூட்டைப் பற்றிப் பெரியம்மாவும் சொல்லியிருக்கவில்லை.