சொல் விளக்கம்: கட்டர்

சித்திர நாவல் படிப்பவர்கள் 'கட்டர்' (gutter) என்று இரண்டு வெற்றிடங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, படக் கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளைப் பட்டை. மற்றொன்று, எதிரெதிர்ப் பக்கங்கள் புத்தக முதுகில் சேரும் உள்விளிம்பு.

லத்தீனில் 'குட்டா' என்றால் துளி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கூரைத் தண்ணீரை வாங்கி ஓட்டும் கால்வாய்க்குப் பெயரானது. அகராதியில் தேடினால் 'சாக்கடை' என்றும் கிடைக்கும். அது இங்கே உதவாது. கட்டங்களின் இடைவெளிக்கு இந்தப் பெயர் வாசகரிடையே பரவ, காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூல் பெரிய காரணம். உதாரணமாக, ஒரு கட்டத்தில் சூனியக்காரி கதவைத் திறக்கிறாள். அடுத்த கட்டத்தில் பனிக்காடு. நடுவில் போனது ஒரு நொடியா, ஒரு வருடமா? அந்த வெள்ளைப் பட்டையில் வாசகர்தான் நிரப்பிக்கொள்கிறார். இதற்குத் தமிழில் 'கட்ட இடைவெளி' போதும்.

நீண்ட தொடரில் தொல்லை தருவது உள்விளிம்புதான். ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' (Bone) என்ற காமிக்ஸ் தொடர் 1991 முதல் 2004 வரை 55 இதழ்களாக வந்தது. அதே கதை 9 தொகுதிகளாகவும் உண்டு, 1,300 பக்கங்களைத் தாண்டும் ஒரே குண்டுப் புத்தகமாகவும் உண்டு. குண்டுப் புத்தகம் அலமாரியில் இடம் மிச்சம் பிடிக்கும், மடியில் கை வலிக்கும். முதுகு தடித்தால் பக்கம் படியாது. உள்பக்கத்து வசனம் வளைவில் ஒளியும், இரட்டைப் பக்கப் படத்தில் நடுவில் நிற்பவரின் முகமே மடிப்புக்குள் போய்விடும். அழுத்திப் பிரித்தால் பசை விட்டு, தாள் கொத்தாகக் கையோடு வரும்.

புதுப் புத்தகத்தின் முதுகை மேசையில் நிறுத்தி, இரண்டு அட்டைகளையும் படியவையுங்கள். பிறகு முன்னாலிருந்து 20 தாள், பின்னாலிருந்து 20 தாள் என மாற்றி மாற்றி, மடிப்பை விரலால் நீவியபடி நடுப்பக்கம் வரை வாருங்கள். ஏற்காட்டில் மூடுபனி நாளில் ஜன்னலோரம் விரித்து வைக்காதீர்கள்: தாள் ஈரம் குடித்து நெளியும், வழவழப்புத் தாள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

உள்விளிம்புக்கு 'மடிப்போரம்' என்பதே என் தேர்வு. சேலத்தில் பழைய இதழ்களைச் சேர்த்து பைண்டிங் கொடுக்கும்போதும் இதுதான் கைகொடுக்கும். 'கட்டர்' என்றால் கடைக்காரர் வெட்டும் பிளேடு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். "மடிப்போரத்தில் பக்கவாட்டுத் தையல் வேண்டாங்க, மடிப்புக்குள்ளயே தைங்க, ஓரமும் வெட்ட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் தைத்தால் மடிப்போரம் அரை சென்டிமீட்டராவது தையலுக்குள் போகும். ஓரம் வெட்டினால் விளிம்பு வரை வரைந்த படமும் சேர்ந்து போகும்.