வில்லமைப்பு: ஏடிவி வண்டியின் ‘சஸ்பென்ஷன்’ பற்றிய சொல் விளக்கம்

காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா, உரமூட்டையும் பழக்கூடையும் ஏற்றிச் செல்ல வைத்துள்ள ஏடிவி வண்டி (கரடுமுரடான எந்த நிலத்திலும் ஓடும் சிறு மோட்டார் வண்டி) தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று, அதைச் சரிசெய்யும் வழியைக் கைப்பேசியில் தமிழில் தேடினார். கிடைத்த பக்கத்தின் தலைப்பு ‘இடைநீக்கத்தை மேம்படுத்துதல்’ என்றிருந்தது. அலுவலரைப் பணியிலிருந்து விலக்கிவைப்பதைக் குறிக்கும் சொல் வண்டிக்கு அடியில் எப்படி வந்தது என்று அவர் என்னைக் கேட்டார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் குலுக்கலைத் தாங்கும் தொகுதியைக் குறிக்கும் ‘சஸ்பென்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தபோது இயந்திர மொழிபெயர்ப்பு செய்த பிழை அது. ஆனால் அதற்குப் பதிலாக எந்தச் சொல்லை வைப்பது என்ற கேள்வி விரிவாகப் பேசத் தக்கது.

‘சஸ்பென்ஷன்’ என்பதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ‘கீழே’ என்று பொருள்படும் ‘சப்’ என்ற முன்னொட்டும் ‘தொங்கவிடு’ என்று பொருள்படும் ‘பெண்டெரே’ என்ற வினையும் சேர்ந்து, ‘மேலிருந்து கீழே தொங்கவிடுதல்’ என்ற கருத்தைத் தந்தன. ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைப் பல துறைகளுக்கும் நீட்டிக்கொண்டது. தமிழோ துறைக்கு ஒரு சொல்லாகப் பிரித்துக்கொண்டது. ஒகேனக்கல்லில் காவிரியின் மேல் நிற்பது தொங்குபாலம்; சுண்ணக்கட்டித் தூளைக் கலக்கிய நீரை வேதியியல் பாடநூல் தொங்கல் என்கிறது; அலுவலகக் கோப்பில் அது பணியிடை நீக்கம். மூன்றும் தத்தம் இடத்தில் சரியானவை.

வண்டிக்கு இச்சொல் வந்த காரணம் உவமையன்று, உண்மையான தொங்கல். ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் பயணிகள் அமரும் கூட்டைச் சட்டத்தின் மேல் நேராகப் பொருத்தாமல், தடித்த தோல்வார்களில் ஊஞ்சலைப் போலத் தொங்கவிட்டனர். 1804இல் ஒபதையா எலியட் என்பவர் இங்கிலாந்தில் நீள்வட்ட எஃகு வில்களுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை வில்கள் பரவிய பின் கூடு தொங்குவது குறைந்து, வில்லின் மேல் அமர்வது வழக்கமாயிற்று. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. எனவே ‘தொங்கல் அமைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், இன்றைய வண்டியில் இல்லாத ஒன்றையே தமிழில் சொல்கிறோம்.

இந்த இடத்தில் நம் முன்னோர் காட்டிய கூர்மையை எண்ணி நான் மகிழ்கிறேன். வளைந்த எஃகுப் பட்டைகள் பொருத்திய மாட்டுவண்டி வந்தபோது, அவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தேடவில்லை. அந்தப் பட்டையின் வளைவையும், அழுத்தினால் வளைந்து விட்டால் மீளும் அதன் இயல்பையும் கண்டு ‘வில்வண்டி’ என்றனர். பள்ளி இயற்பியலிலும் சுருள்வில், சுருள்வில் தராசு என அந்தச் சொல் வாழ்கிறது. ஆகவே சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள முழுத் தொகுதியையும் ‘வில்லமைப்பு’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. இதிலிருந்து கிளைச்சொற்களும் இயல்பாகப் பிறக்கின்றன: வில் தாங்கும் சட்டம், எஞ்சின், ஓட்டுநர் ஆகியவற்றின் எடை வில்மேல் எடை; சக்கரம், டயர், பிரேக் முதலியவற்றின் எடை வில்கீழ் எடை. அளவுக்கு மீறிக் கனமான சக்கரம் மாட்டினால் வண்டி ஏன் முரட்டுத்தனமாக ஓடுகிறது என்பதை ‘வில்கீழ் எடை கூடிவிட்டது’ என்ற ஒரே தொடரில் சொல்லிவிடலாம்.

நம் பட்டறைகளில் ‘சாக்கப்சர்’ என்று வழங்கும் ‘ஷாக் அப்சார்பர்’ இன்னொரு குழப்பம். அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது வில்லே. வாங்கிய ஆற்றலை வில் திருப்பித் தள்ளும்போது வண்டி மேலும் கீழும் அலையாதபடி, சிறு துளைகள் வழியே எண்ணெயை நெருக்கி அனுப்பி, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே சாக்கப்சரின் வேலை. எனவே ‘அதிர்வுத் தாங்கி’ என்பதைவிட ‘அலைவடக்கி’ என்பது அதன் தொழிலைச் சரியாகச் சொல்லும்.

ஏடிவிக்கு ‘எந்நில ஊர்தி’ என்ற பெயர் போதும். 1970இல் ஹோண்டா வெளியிட்ட மூன்று சக்கர யூஎஸ்90 வண்டியில் வில்லும் இல்லை, அலைவடக்கியும் இல்லை. பெருத்த, காற்றழுத்தம் மிகக் குறைந்த டயர்களே மேடுபள்ளங்களை விழுங்கின. இன்றும் கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் காற்றடைக்கும்போது, பல ஏடிவி டயர்களுக்கு 5 பிஎஸ்ஐ அளவே போதுமானது. மாமாவின் வண்டிக்குப் பெட்ரோல் பங்கில் கார் டயரைப் போலவே காற்றடைத்திருந்தார்கள். கையேடு சொல்லும் அளவுக்கு அதைக் குறைத்ததுமே தோப்பு வரப்புகளில் பாதிக் குலுக்கல் அடங்கியது.

மீதிப் பாதிக்கு வில்லைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதைத் ‘தாழ்வு’ எனலாம். அது சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருப்பது பொது வழக்கம். தாழ்வே இல்லாவிட்டால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட முடியாது. வில்லின் அடியிலுள்ள வளையத்தைத் திருகி வைக்கும் ‘பிரீலோட்’ என்ற முன்னழுத்தம் இந்தத் தாழ்வைத்தான் மாற்றுகிறது. சீரான சுருள்வில்லின் விறைப்பை அது மாற்றுவதில்லை, வண்டியின் உயரத்தையே மாற்றுகிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஊரார் பேச்சில் நோயறிதல் ஏற்கெனவே இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கத்துக் கல்பாதைகளில் ஓட்டுபவர் ‘இடிக்குது’ என்றால், வில் முழுதும் அமுங்கி அடிமுட்டுகிறது. சுமைக்கேற்ற வில் வேண்டும். ‘தூக்கிப் போடுது’ என்றால், அமுங்கிய வில் கட்டுப்பாடின்றித் திரும்புகிறது. மீளசைவை அடக்கும் அலைவடக்கியைக் கவனிக்க வேண்டும். மாமா சொன்னது இரண்டாவது சொல். பார்த்தபோது பின்புற அலைவடக்கி ஒன்றில் எண்ணெய் கசிந்து தண்டு முழுதும் தூசி அப்பியிருந்தது. ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன், இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒன்றுபோல் மீளாது.

இத்தனை சீர்திருத்தத்தின் பயனைக் குறிக்க நாம் சொல்லும் ‘சொகுசு’, தெலுங்கில் அழகைக் குறிக்கும் ‘சொகசு’ என்பதன் வழி வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் அதற்கு மாற்றுச்சொல் தேட வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.