உச்சி எந்தப் பக்கம்?

மட்டக்களப்புக் கரையோரத்துச் செங்கலடிச் சந்தியில் பதுளை பஸ் ஏறினால், மகா ஓயா வரைக்கும் ஏற்றம் என்று ஒன்றும் தெரியாது. வயலும் காடுமாகத் தரை விரிந்துகொண்டே போகும். பிபிலையைத் தாண்டிய பிறகுதான் வளைவுகள் வரும், பஸ் முனகத் தொடங்கும். பதுளை நகரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். ஆக, இந்தப் பாதையின் உச்சி பதுளைப் பக்கம்தான். மட்டக்களப்புப் பக்கம் அல்ல. உயர்தரப் பிள்ளைகளுக்குத் தாண்டல் நிலையைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் கரும்பலகையில் கீறுவது இந்தப் பாதையைத்தான்.

இரசாயனத் தாக்கத்தில் தொடக்கப் பொருளான தாக்கி, விளைவாக மாறும் வழியில் சக்தி உச்சத்தில் நிற்கும் அந்தக் கணத்து அமைப்பே தாண்டல் நிலை. பழைய பிணைப்பு பாதி அறுந்திருக்கும், புதியது பாதி உருவாகியிருக்கும். போத்தலில் அடைத்துவைத்துப் பார்க்க முடியாது. தாக்கியிலிருந்து அந்த உச்சிக்குள்ள உயரம் ஏவற்சக்தி. 25 பாகை செல்சியசில் அது மூலுக்கு 5.7 கிலோயூல் குறைந்தாலே தாக்கம் ஏறக்குறைய 10 மடங்கு வேகமாகிவிடும். மூலக்கூறில் ஒரு மெதைல் கூட்டத்தை (ஒரு காபனும் மூன்று ஐதரசனும்) மாற்றினாலும் வேகம் பல மடங்கு மாறுவது இதனால்தான்.

ஆனால் எல்லா மாற்றமும் உச்சியை ஒரே அளவில் தொடுவதில்லை. 1955இல் ஜோர்ஜ் ஹமண்ட் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தாக்கி, விளைவு இரண்டில் சக்தியில் தனக்கு எது கிட்டவோ அதன் சாயலையே தாண்டல் நிலை கொண்டிருக்கும் என்றார். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பியூட்டேனின் சமபகுதியமான (அதே அணுக்கள், வேறு அமைப்பு) 2-மெதைல்புரொப்பேன். அதில் 10 ஐதரசன்கள்: ஒன்பது முதல் காபன்களில் (ஒரு காபனோடு மட்டும் இணைந்தவை), ஒன்று மட்டும் புடைக் காபனில் (மூன்று காபன்களோடு இணைந்தது).

குளோரீன் அணு வந்து ஐதரசனைப் பறித்தால் உண்டாகும் பிணைப்பின் வலிமை மூலுக்கு 431 கிலோயூல். காபன்-ஐதரசன் பிணைப்பை உடைக்கச் செலவாகும் சுமார் 400 முதல் 420ஐ அது ஈடுகட்டிவிடும். புரோமீன் பறித்தால் கிடைப்பது 366தான். அதனால் குளோரீனுக்கு இது இறக்கம், புரோமீனுக்கு ஏற்றம்.

ஐதரசன் பறிபோனதும் மிஞ்சும், சோடி சேராத இலத்திரனுள்ள துண்டுதான் சுயாதீன மூலிகம்; புடைக் காபனில் உருவாகும் மூலிகம் அதிக உறுதியானது. அந்த உறுதி விளைவின் பக்கத்துச் சங்கதி, பதுளையின் குளிர் மாதிரி. புரோமீன் மட்டக்களப்பிலிருந்து ஏறிப் போகிறது. உச்சியை அடையும்போது காபன்-ஐதரசன் பிணைப்பு பெரும்பாலும் அறுந்து, மூலிகம் ஏறத்தாழ உருவாகிவிட்டது. குளிர் உடம்பில் படுகிறது. குளோரீனின் பயணமோ பதுளையிலிருந்து திரும்பி வருவது போன்றது. புறப்பட்டவுடன் உச்சி வந்துவிடும், பிணைப்பு சற்றுத்தான் இழுபட்டிருக்கும். போய்ச் சேரப்போகும் கரையோரத்தின் வெக்கை அங்கே எப்படித் தெரியும்?

அளந்து பார்த்தால் இது அப்படியே தெரிகிறது. ஓர் ஐதரசனுக்கு என்று கணக்கிட்டால், குளோரீன் புடை ஐதரசனை முதல் ஐதரசனை விடச் சுமார் 5 மடங்குதான் விரும்புகிறது. ஒன்பதுக்கு ஒன்று என்ற எண்ணிக்கை வென்று, விளைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் காபனில் குளோரீன் ஏறியதாக இருக்கும். புரோமீனோ, 127 பாகையில் சூடாக்கினாலும் சுமார் 1600 மடங்கு புடையையே தேடுகிறது. 99 வீதத்துக்கு மேல் ஒரே விளைவு.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு, அது இடநெருக்கடி. ஐதரொட்சைட்டு போன்ற ஒன்று பின்பக்கமாக வந்து புரோமைட்டைத் தள்ளும் தாக்கத்தில், உச்சியில் ஒரு காபனைச் சுற்றி ஐந்து கூட்டங்கள் நெருங்கி நிற்கவேண்டும். எதைல் புரோமைட்டின் வேகத்தை 1 என்றால், மெதைல் புரோமைட்டுக்குச் சுமார் 30. பக்கத்துக் காபனில் மூன்று மெதைல் கூட்டங்கள் சேர்ந்த நியோபென்ரைல் புரோமைட்டுக்கு ஓர் இலட்சத்தில் ஒன்று! அயல் வீட்டு வேலி ஒழுங்கைக்குள் சரிந்தால் நாம் நுழைய முடியாதது போலத்தான்.

கண்ணால் பார்க்காமலே உச்சி எந்தப் பக்கம் என்று இரசாயனவியலாளர்கள் சொல்வதும் இப்படித்தான். கட்டமைப்பைச் சற்று மாற்று, வேகத்தை அள. விகிதம் 5 வந்தால் உச்சி தாக்கிக்குக் கிட்ட. 1600 வந்தால் விளைவுக்குக் கிட்ட.